முள் எடுத்த மீன்

மாமனார் தன் வாயிலிருந்து மீனை வெளியே எடுத்தார்.

சாம்பல் நிறத்தில் ஒரு கூழ். அதைச் சோற்றோடு சேர்த்து உருட்டினார். பேத்தி நித்திலா வாயைத் திறந்தாள்.

எதிரே உட்கார்ந்திருந்த அவன் தன் தட்டைச் சற்றுத் தள்ளி வைத்தான்.

மறுபடி ஒரு துண்டு சாளை. பல் போன இடங்களில் மீன் அங்குமிங்கும் புரண்டது. கன்னம் உப்பியது, வற்றியது. உதட்டோரத்தில் மயிர் போல ஒரு முள் வந்து நின்றது. அதை எடுத்துத் தட்டின் விளிம்பில் தேய்த்தார். அங்கே ஏற்கெனவே பத்துப் பதினைந்து முட்கள் ஈரத்தோடு ஒட்டிக் கிடந்தன. அவர் நகக் கண்களில் மஞ்சள்பொடி, செதில், இன்னும் என்னவெல்லாமோ.

அடுத்த உருண்டைக்கு மகள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

இரண்டு மாதமாக அவன் பார்க்காத காட்சி.

மனைவி ஜெயக்கனி இறந்த பிறகு, நான்கு வயது மகள் அவன் கையால் ஒரு வாய்ச் சோறு முழுதாக இறக்கியதில்லை. கரண்டியால் ஊட்டினான். கரண்டியைக் கொதிநீரில் போட்டு எடுத்து ஊட்டினான். கன்னத்துக்குள் அடக்கி வைத்துக்கொண்டு அவனையே பார்ப்பாள். பிறகு துப்பிவிடுவாள். ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தாள்.

மாமனார் நேற்று ஊரிலிருந்து வந்தார். திட்டவில்லை. டாக்டர் எழுதிய எடைச் சீட்டை வாங்கிப் பார்த்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாப்போம், மாப்ள. உங்க கையால ஒரு வாய் தின்னுட்டா பிள்ள இங்கயே இருக்கட்டும். இல்லன்னா சாயங்கால பஸ்ல நான் கூட்டிட்டுப் போயிருதேன்."

சரி என்றான்.

காலையில் மகளின் துணிகளை அவனே மடித்துப் பையில் வைத்தான். எட்டு கவுன். மடிக்கும்போது ஒன்றும் தோன்றவில்லை. ஒன்றும் தோன்றாத தன்மேலும் அருவருப்பாக இருந்தது.

அந்த நேரத்தில் மாமனார் சந்தைக்குப் போய் மீன் வாங்கி வந்தார். பாத்திரம் கழுவும் தொட்டியிலேயே வைத்து ஆய்ந்தார். வேட்டியில் கையைத் துடைத்தார். வீடு முழுக்கக் குடல் நாற்றம்.

மத்தியானம் முதலில் அவன்தான் ஊட்டிப் பார்த்தான். துப்பினாள். பிறகு தட்டு மாமனார் பக்கம் போயிற்று.

குடிநீர் பரிசோதிக்கும் லேப்பில் அவனுக்கு வேலை. ஒரு சொட்டு எச்சிலில் என்னென்ன வளரும் என்று தெரியும். வளர்த்து, எண்ணி, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவன். வீட்டில் அவன் டம்ளர் தனி. "நான் குடுக்கிற முத்தத்தையும் டெஸ்டுக்கு அனுப்புவீங்களோ?" என்று ஜெயக்கனி கேட்பாள்.

"நித்தி, துப்பு அதை."

சொல்லிவிட்டான்.

மகள் வாயை இறுக மூடிக்கொண்டாள். மென்றாள். விழுங்கினாள்.

"விரலால பாத்தா ஒண்ணு ரெண்டு தப்பிச்சிரும், மாப்ள," என்றார் மாமனார். "நாக்குல தப்பாது. இவ அம்மைக்கும் இப்படித்தான் எடுத்துக் குடுத்தேன்."

"வேண்டாம் மாமா. அசிங்கமா இருக்கு."

"அசிங்கந்தான்," என்றார். இன்னொரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

நித்திலா எம்பித் தாத்தாவின் காதைப் பிடித்து இழுத்தாள். ரகசியம் சொன்னாள். அறை முழுக்கக் கேட்டது.

"அம்மா அப்பாவுக்கும் இப்படித்தான் எடுத்து வைக்கும். அடுப்படில வச்சு. அப்பாகிட்ட சொல்லாத தாத்தா. சொன்னா அம்மா என்னைத் திட்டும்."

மாமனாரின் தாடை அசைவது நின்றது.

கல்யாணமான மாதம் அவன் தொண்டையில் ஒரு முள் சிக்கியது. ஆஸ்பத்திரிக்குப் போய் எடுக்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகு சிக்கியதே இல்லை. மீன் தட்டுக்கு வரும்போதே முள் இருக்காது. வெள்ளையாக, உதிர்ந்து வரும். மனைவியின் கைநேர்த்தியைப் பற்றி லேப்பில் பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

ஆறு வருடம்.

வாரத்துக்கு இரண்டு நாள்.

கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறான்.

வாயில் நீர் ஊறிப் புளித்தது. வாஷ்பேசினுக்கு ஓட வேண்டும் போலிருந்தது.

அவன் தட்டில் ஒரு மீன் தொடாமல் கிடந்தது. அதன் கண் வெந்து வெளுத்திருந்தது.

ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டான்.

நாக்கு கூசியது. தொண்டை அதை வெளியே தள்ளப் பார்த்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஒரு முள். அதை நாக்கால் தள்ளிப் பல்லிடுக்கில் நிறுத்தி இழுத்தான். இன்னொன்று. மூன்றாவது ஈறில் குத்தியது. கண்ணில் நீர் முட்டியது. குமட்டல்தான்.

மறுபடி துழாவினான். நான்காவது, நூல் போல. விரலுக்குத் தெரிந்திருக்காது.

உள்ளங்கையில் துப்பினான்.

வெதுவெதுப்பாக இருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. சோற்றோடு பிசைந்தான். விரலிடுக்கெல்லாம் ஒட்டியது. உருட்ட வரவில்லை. கோணலாக ஏதோ ஒன்று வந்தது. அதை மகளுக்கு நேரே நீட்டினான்.

நித்திலா அதைப் பார்த்தாள்.

தாத்தாவைப் பார்த்தாள்.

மாமனார் எழுந்தார். கை கழுவப் போனார். அவர் தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை.