அகலக் குழாய்

ஒரு சின்னக் காருக்குப் பழைய சைலன்சரைக் கழற்றிவிட்டு, லாரிக்கு வைக்கிற அளவுக்கு அகலமான குழாய் ஒன்றைச் செய்து மாட்டினார்கள்.

"இவ்வளவு அகலம் எனக்கு வேண்டாம்பா. நான் தள்ளுற புகை உனக்குள்ள வேகமே இல்லாம அலையுது. இழுவை குறையுது," என்றது இன்ஜின்.

"என் சத்தத்துக்குத் தெருவே நம்மளத் திரும்பிப் பார்க்குது. உனக்கு இழுவைதான் கவலை," என்றது குழாய்.

தெரு திரும்பிப் பார்த்தது உண்மைதான்.

ஒருநாள் காரில் ஐந்து பேர் ஏறி மலைக்குக் கிளம்பினார்கள். வழியில் நின்றால் தன்னைத்தான் பிரித்துப் போடுவார்கள் என்று இன்ஜினுக்குத் தெரியும். தம் கட்டி இழுத்தது. குழாய் மலையே அதிரக் கத்தியது. முட்டைக்கோஸ் ஏற்றிய மினி லாரி ஒன்று அலட்டாமல் தாண்டிப் போனது.

"கட்டி இழுக்கக் கயிறு ஏதாச்சும் வேணுமாண்ணே?" என்று கேட்டது.

"என்ன சொல்ற? கேக்கல," என்றது குழாய்.

அடுத்த வளைவில் கார் நின்றுவிட்டது.

"ஏன் நின்னுட்ட? நான் நல்லாத்தானே போயிட்டிருந்தேன்," என்றது குழாய்.

ஐந்து பேரும் இறங்கினார்கள். குழாய் இருந்த பின்பக்கம் ஒருத்தர்கூடப் போகவில்லை. நேராக வந்து பானெட்டைத் திறந்தார்கள்.