கார்டுக்கு வைத்த பொட்டு

என் அத்தானின் கிரெடிட் கார்டைத் திருடக்கூடியவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும். வங்கியில் கணினிப் பாதுகாப்பு பார்க்கும் அத்தானே இதைச் சொன்னார். அக்காவோ தன் கார்டின் பின்னாலிருக்கும் மூன்று ரகசிய எண்களின் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை நகத்தால் அழுத்தி நேராக ஒட்டியிருந்தாள். “அப்படியே பூவும் வச்சு விடேன் குமுதா” என்றார் அத்தான். ஜவுளிக்கடையில் கார்டை உள்ளே கொண்டுபோய்த் தேய்த்துவிட்டுக் கொடுத்தார்கள். அக்கா திருப்பிப் பார்த்தாள். “பொட்டு கோணலா இருக்குங்க. பிரிச்சுப் பாத்திருக்காங்க.” நின்ற இடத்திலேயே போனில் கார்டை முடக்கினாள். வீடு வருவதற்குள், அதே கார்டில் யாரோ டிவி வாங்க முயன்று தோற்ற செய்தி வந்தது. அத்தான் அதை இரண்டு முறை படித்தார். மறுநாள் குளியலறைக்குப் பர்ஸை எடுத்துக்கொண்டு போனார். அவர் வந்த பிறகு பார்த்தேன், கண்ணாடியில் அக்கா ஒட்டிவைத்திருந்த பொட்டுகளில் ஒன்று குறைந்திருந்தது.