மூடிய கை

1972. பரளச்சியில் ஒரு வீட்டு வாசலில் வேப்பங்கொத்து தொங்குகிறது. பன்னிரண்டு வருஷமாகப் பெரியம்மைக் கிருமியை ஆராயும் கோகிலாம்பாள், அம்மை கண்ட சிறுமியின் பாயருகே உட்கார்ந்திருக்கிறாள். மூன்று வருஷமாக இந்தப் பக்கம் இல்லாத பெரியம்மை திரும்பிவிட்டதா என்பதை உள்ளங்கை சொல்லிவிடும். பெரியம்மை என்றால் அங்கேயும் முத்து போட்டிருக்கும்; சின்னம்மை என்றால் பெரும்பாலும் இருக்காது. பிள்ளையோ இரண்டு கைகளையும் இறுக மூடிக்கொண்டிருக்கிறது. “கையை விரி தாயி, ஆத்தா கோவிச்சுக்குவா” என்று கெஞ்சுகிறாள் தாய் அழகுத்தாய். கோகிலாம்பாள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறாள். பாயில் காராச்சேவு நொறுங்கிக் கொட்டுகிறது. “அடி பாவி மகளே! ஆத்தா வந்த வீட்டுல தாளிக்கக்கூட இல்லையே, சேவு ஏதுடி!” என்று அழகுத்தாய் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். ஓட்டுச் சந்தில் இறங்கும் வெயிலில், மிளகாய் ஒட்டிய அந்தக் கைகளில் ஒரு முத்துக்கூட இல்லை. “சின்னம்மைதான், திட்டாதீங்கம்மா.” கோகிலாம்பாள் அந்தக் கையை ஏந்திக்கொள்கிறாள். “காரம் மட்டும் இல்லேன்னா இந்தக் கையைக் கண்ணுல ஒத்திக்குவேன்.”