நீ சூன் காட்டு இஞ்சி

"அஃப்ரீன் என் செடியைத் திருடப் போறா மங்களம். எழுதி வச்சுக்க!"

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் இருந்த வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ரமணன் வெடித்தார். ஒரு காலில் இன்னும் காலணி இருந்தது.

"எந்தச் செடிங்க?" வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி மங்களம் தலை நிமிரவில்லை.

"எந்தச் செடியா! நீ சூன் சதுப்புக் காட்டுல, முட்டியளவு சேத்துல நின்னு கண்டுபிடிச்சேனே, அந்தக் காட்டு இஞ்சி! உலகத்துல இன்னும் யாருமே பேர் வைக்காத செடி."

ரமணன் தாவர ஆய்வாளர். செடிகளைப் பார்த்து எது எந்தக் குடும்பம், எந்த இனம் என்று பிரித்துச் சொல்வது வேலை. இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். ஆயிரக்கணக்கான செடிகளை அடையாளம் சொன்ன மனிதருக்கு, இதற்குப் பெயர் வைத்தவன் நான்தான் என்று காட்ட ஒரு புல்கூட இல்லை. முன்பு ஒரு வாய்ப்பு வந்தது. இவர் நிதானமாகக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தபோதே வேறொருவர் முந்திக்கொண்டார். இந்தத் துறையில் முதலில் வெளியான பெயர்தான் நிற்கும். மறுநாள் வருகிறவர் தங்கத்தில் எழுதி வைத்தாலும் செல்லாது. அன்றிலிருந்து ரமணனுக்கு மனிதர்களில் இரண்டே இனம்தான்: திருடியவர்கள், திருடப் போகிறவர்கள்.

"அஃப்ரீன் உங்ககிட்ட வேலை கத்துக்கிட்ட பொண்ணுலா. உங்க மேல எவ்வளவு மரியாதை வச்சிருக்கு!"

"மரியாதையா? நான் பக்கத்துல போனாலே ஸ்கிரீனை மூடுறா. 'சார், அந்த இஞ்சியை மொதல்ல எங்க பாத்தீங்க, அன்னிக்கு மழையா?'ன்னு துருவித் துருவிக் கேக்குறா. இன்னிக்குக் கையும் களவுமா மாட்டிக்கிட்டா. படிக்கட்டுல நின்னு கோலாலம்பூர் புரொஃபசர் நடேசன்கிட்ட போன்ல பேசுறா. என்ன சொன்னா தெரியுமா?"

"என்ன?"

"'இஞ்சி கட்டுரையோட ஆத்தர் லிஸ்ட்ல ரமணன் சார் பேர் வரவே கூடாது. அதுல மட்டும் கவனமா இருங்க சார்'னு சொல்றா! என் காதால கேட்டேன்."

மங்களத்தின் கத்தி நின்றது. "அப்படியா சொன்னா?"

"நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"சரி, இப்பவே போய்ச் சண்டை போடாதீங்க. ஆபீஸ்ல உங்களுக்குப் பிரிவு விருந்து வைக்கிறாங்கல்ல, அது முடியட்டும். கொஞ்ச நாள் பொறுத்தா குடியா முழுகிடும்?"

மனைவியின் உதட்டில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போனதை ரமணன் கவனித்தார். போன வாரம் அவளும் யாரிடமோ போனில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தாள். இவர் அறைக்குள் வந்ததும் வைத்துவிட்டாள். சே, சொந்த வீட்டிலேயே ஆள் பிடித்துவிட்டார்களா?

இந்தோனேசியாவில் ஒரு பழைய நண்பர் இணையத்தில் தாவர ஆய்விதழ் நடத்துகிறார். கேட்டால் உடனே வெளியிட்டுவிடுவார். ரமணன் யாரிடமும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு எழுத உட்கார்ந்தார். நல்ல பெயராக யோசிக்க ஏது நேரம்? இலை நீளமாக இருந்தது. லத்தீனில் 'நீள இலை' என்று வைத்து அனுப்பிவிட்டார்.

விருந்து சிராங்கூன் சாலையில் ஒரு சைவ உணவகத்தில் நடந்தது. அலுவலகமே வந்திருந்தது. எதிரே அஃப்ரீன், பக்கத்தில் மங்களம். இரண்டு பேரும் கண்ணாலேயே பேசிச் சிரித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க ரமணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாயசம் வந்ததும் எழுந்து நின்றார்.

"எல்லாருக்கும் ஒரு நல்ல செய்தி. நீ சூன் இஞ்சிக்குப் பேர் வச்சாச்சு. நான்தான் வச்சேன். நேத்தே வெளியாயிடுச்சு!"

கைப்பேசியை அஃப்ரீன் முகத்துக்கு நேரே நீட்டினார். "என்னம்மா, முந்திக்கலாம்னு பாத்தியா? இனிமே நீ என்ன பேர் வச்சாலும் செல்லாது."

அஃப்ரீனின் முகம் வெளுத்துவிட்டது. "நேத்தா சார்? எங்க கட்டுரை திங்கக்கிழமை வரப்போகுது..."

"தெரியும்லா! அதான் முந்திக்கிட்டேன்." எத்தனையோ வருடப் பசி ஒரே வாயில் தீர்ந்தது போல் அவருக்கு இருந்தது.

"அய்யய்யோ, என்ன காரியம் பண்ணி வச்சீங்க!" மங்களம் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஓ, நீயும் இவளுக்கு உடந்தையா?"

"ஆமாங்க, உடந்தைதான். விருந்து முடியுறப்போ சொல்லலாம்னு இவ்வளவு நாள் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தோம். அஃப்ரீன், நீயே சொல்லும்மா. எனக்குச் சொல்ல வாய் வரலை."

அஃப்ரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பேர் வைக்கிறவங்க தங்க பேரையே செடிக்கு வச்சுக்கிறது நம்ம வழக்கமில்லையே சார். அதான் ஆத்தர் லிஸ்ட்லேருந்து உங்க பேரை எடுத்துட்டு, அந்தச் செடிக்கு வச்சிருந்தோம்."