தோளுக்கு மேலே

"வலது கையைத் தூக்கிக் காட்டுங்க" என்றார் நீதிபதி.

சுயம்புக்கனி பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கூண்டில் அவள் கணவர் கிருஷ்ணமணி நின்றார். தேய்த்த வெள்ளைச் சட்டை. காலையில் அதை மாட்டிவிட அவள் போனபோது, வேண்டாம் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

தூக்கிவிடுவார். அவளுக்குத் தெரியும். அந்தப் பயத்தில் காலையிலிருந்து அவளுக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

முன்பும் இப்படித்தான் நடந்தது.

தும்பு ஆலையில், தேங்காய் மட்டை அடிக்கும் இயந்திரத்தின் பெல்ட் அவர் வலது கையைச் சுற்றி இழுத்துவிட்டது. எலும்பு கூடியது. தோளில் நரம்பு கெட்டுவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஊன உதவித்தொகை கேட்டு அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டார்கள். எவ்வளவு ஊனம் என்று பார்க்க ஒரு மருத்துவக் குழு கூப்பிட்டது.

அன்று சுயம்புக்கனியோடு மகள் நந்தனாவும் கூடப் போயிருந்தாள். அதுதான் தப்பாகப் போயிற்று.

டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார். கிருஷ்ணமணி ஒருதரம் மகளைப் பார்த்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, தோளுக்கு மேலே தூக்கினார். கண்ணில் நீர் முட்டியது. டாக்டர் போதும் என்று சொல்கிறவரைக்கும் இறக்கவில்லை.

நிரந்தர ஊனம் ஏதும் இல்லை என்று எழுதி, மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

"வேற என்னத்தச் செய்யச் சொல்லுத? பிள்ள பாத்துட்டு நிக்காள்லா" என்றார் வீட்டுக்கு வந்து. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஆலையில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. தோவாளைச் சந்தைக்கு சுயம்புக்கனி கட்டிக்கொடுக்கிற பூவில் அடுப்பு எரிகிறது. கை எப்படி இருக்கிறது என்று கேட்டால், இப்போது பரவாயில்லை என்பார். அவள் எண்ணெய் தேய்க்கப் போனால் விலகிப்போவார்.

ஜெபதாஸ் வக்கீல்தான் அவர்களுக்காக வழக்குப் போட்டார். குழு எழுதியதை உடைக்காவிட்டால் ஒன்றும் கிடைக்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

அதனால் இன்று நந்தனாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, மயிலாடியில் பஸ் ஏறியதிலிருந்து சுயம்புக்கனி ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

"தூக்கச் சொன்னா தூக்கப்பிடாது. முடியாதுன்னு சொல்லிட்டு நிக்கணும். கேட்டியளா?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நாகர்கோவில் வந்து இறங்கும்வரை சரி என்று சொல்லவில்லை.

இப்போது நீதிபதி காத்திருந்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். கையில் குழுவின் அறிக்கை.

"தோளுக்கு மேல தூக்கினார்னு இதுல தெளிவா இருக்கு, ஐயா. ரெண்டு பேர் பிடிக்கிற மட்டைக்கட்டை ஒத்தையில தூக்கிட்டுப் போற ஆளாம் இவரு. இப்ப இங்க வந்து…"

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

கிருஷ்ணமணியின் தாடை இறுகியது.

அன்றைக்கும் இதே முகம்தான். அவர் கண் தன் பக்கம் திரும்பாதா என்று சுயம்புக்கனி பார்த்தாள். திரும்பவில்லை. எழுந்து கத்தலாமா என்றுகூடத் தோன்றியது. கத்தினால் என்ன ஆகும்? தான் சொல்லிக்கொடுத்து அழைத்துவந்ததாக ஆகிவிடும்.

அவர் தோளருகே சட்டை அசைந்தது.

அய்யா வைகுண்டரே, வேண்டாம், தூக்கவேண்டாம்.

கழுத்து நரம்பு புடைத்தது. நெற்றியில் வேர்வை திரண்டு மூக்கோரமாக இறங்கியது. அதைத் துடைக்கவும் அவர் இடது கையை எடுக்கவில்லை.

கை தொங்கியபடியே இருந்தது.

"முடியலையா?" என்றார் நீதிபதி.

கிருஷ்ணமணி தலையை மட்டும் அசைத்தார்.

நீதிபதி அந்தத் தொங்கிய கையைப் பார்த்தார். பிறகு குனிந்து எழுத ஆரம்பித்தார். அந்த அறிக்கையை ஏற்க முடியாது, தள்ளுபடி ரத்து, புதிய குழு பரிசோதித்து ஊன அளவைச் சொல்லவேண்டும் என்றார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

வராந்தாவில் ஜெபதாஸ் வக்கீல் சுயம்புக்கனியின் பக்கம் குனிந்தார்.

"இனி பயப்படாண்டாம். புதுக் குழு இத இல்லன்னு எழுத முடியாது. நல்லா நின்னாரு மனுஷன்."

வக்கீல் போனதும் அவள் கணவரை வெளியே கூட்டிவந்தாள். கோர்ட்டுக்கு எதிர்க்கடையில் இரண்டு டீ சொன்னாள். அத்தனை பேர் முன்னால், அந்தச் சிரிப்பையும் கேட்டுக்கொண்டு, இந்த மனுஷன் தன் ரோஷத்தை விழுங்கிக்கொண்டு நின்றாரே என்று நினைத்து, டீ டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் சொல்லி அவர் கேட்ட முதல் விஷயம் இதுதான்.

"நான் சொன்னதக் கேட்டு நின்னியளே. அது போதும் எனக்கு" என்றாள்.

அவர் டீயைத் தொடவில்லை. முகத்தில் வேர்வை அப்படியே இருந்தது. குனிந்து, மடியில் கிடந்த வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூக்கத்தான் பாத்தேன், ஏட்டி" என்றார். "கை வரமாட்டேங்கு."