மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்ல வேண்டிய சேதி

ஸ்கேன் அறையிலிருந்து அம்மாவும் மகளும் வெளியே வந்தார்கள்.

"ரெட்டைக் குழந்தைப்பா!" என்றாள் மகள்.

காத்திருந்த அப்பா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். "ரெண்டும் ஒரே ஜாடையா இருக்குமா?"

"ஒரே கருமுட்டை ரெண்டாப் பிரிஞ்சாத்தான் அச்சு அசலா இருக்குமாம். இது அநேகமா தனித்தனி முட்டையாம். முகமும் வேற வேறயா இருக்கும்னு டாக்டர் சொன்னாங்க."

அம்மா தலையில் கைவைத்தாள். "கல்யாணத்துக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு. மாப்பிள்ளை வீட்டுல எந்த முகத்தோட சொல்றது?"

"நான் சொல்லிக்கிறேம்மா."

"வயிறு தெரிஞ்சா வந்தவங்க எல்லாம் சிரிப்பாங்கடி."

"சிரிக்கட்டும். நாற்பது வயசை நெருங்கினா ரெண்டு முட்டை ஒண்ணா வர வாய்ப்பு அதிகமாம்." மகள் அம்மாவின் வயிற்றை மெல்லத் தொட்டாள். "எனக்கும் இருபது வருஷமா ஒத்தைப் பிள்ளையா இருந்து அலுத்துப்போச்சும்மா."

அப்பா கூரையைப் பார்த்தபடி சிரிப்பை அடக்கிக்கொண்டார்.