ஆறு புள்ளி

தாளை அவரிடமே நீட்டினாள்.

"சார், இங்கிலீசு தெரிஞ்சவரு மாதிரி கீறீங்க. எம்புள்ள எழுதுன பாட்டாம் இது. இன்னா போட்டுக்கீறாங்கன்னு படிச்சு சொல்லுங்க சார்."

கோர்ட் வராந்தா. அவள் மகன் டில்லிபாபுவுக்கு ஜாமீன் இல்லை என்று ஆகி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அவள் மடியில் மஞ்சள் பை. பைக்குள் மகனுக்குத் தேய்த்து எடுத்து வந்த சட்டை.

அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் தள்ளினார். பக்கத்தில் உட்கார்ந்தார்.

அந்தத் தாளை மொழிபெயர்த்துக் கையெழுத்துப் போட்டதே அவர்தான். அவளுக்கு அது தெரியாது.

குழாயில் தண்ணீர் வராத தெருவில் கலர் விளக்கு வைத்த நீரூற்றைத் திறந்து வைத்தார் ஒரு தலைவர். டில்லிபாபு சும்மா இருந்திருக்கலாம். நீரூற்றுச் சுவரிலேயே பாட்டு எழுதினான். தலைவரைத் திட்டியதாகக் கைது செய்தார்கள்.

வெல்கம் தலைவா, ஆயியே தலைவா,
நீள்ளு லேது, நோ டென்ஷன் தலைவா!
கஸ்மாலம் ஒண்ணு கொடத்தோட நிக்குது,
ஃபவுண்டனப் பாத்துக் கை தட்டுது.

நீதிபதிக்குத் தமிழ் தெரியாது. அதனால் பாட்டு மொழிபெயர்ப்புக்காக இவர் மேஜைக்கு வந்தது.

'ஆயியே' என்ற இந்தியின் குழைவைக் கிண்டல் கெடாமல் கொண்டுவந்தார். 'நீள்ளு லேது' என்ற தெலுங்குக்குத் தண்ணீர் இல்லை என்று அடிக்குறிப்பே போட்டார். அதில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

ஒரே ஒரு வார்த்தைக்கு மட்டும் புள்ளி வைத்தார்.

ஆறு புள்ளி.

இருபத்தாறு வருடப் பழக்கம். தெரு வார்த்தை எது வந்தாலும் புள்ளிதான். கோர்ட் காகிதம் சுத்தமாக இருக்க வேண்டும். பையனுக்கும் அதுதான் நல்லது என்று நினைத்தார். மனசாரத்தான் நினைத்தார்.

அரசு வக்கீல் அந்தப் புள்ளிகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தலைவரை என்ன சொல்லித் திட்டியிருந்தால் மொழிபெயர்ப்பாளரே எழுதக் கூசியிருப்பார் என்று கேட்டார். டில்லிபாபுவின் வக்கீல் எழுந்து ஏதோ சொன்னார். எடுபடவில்லை. நீதிபதி தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். புள்ளிகளுக்குள் அவருக்குத் தெரிந்த எந்தக் கெட்ட வார்த்தை வந்து உட்கார்ந்ததோ.

இப்போது அதே தாள் அவர் கையில்.

ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னார். வெல்கம் என்றதும் அவள் உதட்டில் சிரிப்பு வந்தது. நோ டென்ஷன் என்றபோது வாயைப் பொத்திக்கொண்டாள். மகன் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதுபோல் தலையை ஆட்டினாள்.

மூன்றாவது வரிக்கு வந்தார். நிறுத்தினார்.

"இன்னா சார்?"

அவரும் அப்படி ஒரு தெருவில் பிறந்தவர்தான். அந்தத் தெருவைவிட்டு வந்த நாளிலிருந்து அந்த வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை.

"கஸ்மாலம்," என்றார். "கஸ்மாலம் ஒண்ணு கொடத்தோட நிக்குது."

அவள் சத்தமாகவே சிரித்துவிட்டாள். அந்த வழியாகப் போன போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அது அவன்தான் சார். நான் அவன அப்டிதான் கூப்புடுவேன். காத்தால எந்திரிடா கஸ்மாலம், கொடத்த எட்றா கஸ்மாலம்னு. என்னியும் பாட்டுல வச்சிக்கீறான் பாரு."

சிரிப்பு அடங்கியது. பையிலிருந்து சட்டை நழுவப் பார்த்தது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தாளில் அந்த இடத்தைத் தேடி விரல் வைத்தாள்.

"இங்க வெறும் புள்ளியாகீதே."

"ஆமாம்."

"எய்தினவருக்கு இந்த வார்த்த தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சா எய்தியிருக்கலாமே சார்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அவள் விரல் தாளின் அடிக்குப் போனது.

"இது யாரு கையெய்த்து?"

அவர் தன் பெயரைப் படித்தார். இனிஷியலோடு, பதவியோடு, முழுசாக.

அவள் தலையாட்டினாள். அவளுக்கு அது யாரோ ஒருவர் பெயர். சட்டையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுத் தாளுக்காகக் கையை நீட்டினாள்.

அவர் தாளைக் கொடுக்கவில்லை. தன் சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை வெளியே எடுத்தார்.

"நான்தாம்மா," என்றார்.